மலைநாட்டுச் சங்கீதத்தில் மலையின் பங்கு

நிலத்துக்கு ஏற்ற தெய்வத்தையும் உணவையும் விலங்கையும் மரத்தையும் வகுத்துக் காட்டிய தொல்காப்பியர், அந்த வரிசையிலேயே பறையையும் யாழையும் சேர்த்து வைத்தார். பின்வந்த உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை என்றும் குறிஞ்சி யாழ் என்றும் பெயர் சொல்லி அந்தப் பாகுபாட்டை உறுதிப்படுத்தினார்கள். ஆகவே, ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கே உரிய இசை உண்டு என்னும் எண்ணம் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதன்று. பழகிப்போன எண்ணமாகையால் அதை நிறுத்துப் பார்ப்பதற்கு நாம் முற்படுவதும் இல்லை. ஐரோப்பாவிலோ, மலை என்றால் தூய்மை, மலை என்றால் பழமை, மலைவாசி பாடுவது கலப்பற்ற ஆதி சங்கீதம் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் தலையெடுத்த ஓர் அபிப்பிராயம், கவிகளின் கையிலும் சுற்றுலாப் பிரயாணிகளின் கையிலும் வளர்ந்து, கடைசியில் இசைத்தட்டு வியாபாரிகளின் கைக்கு வந்து சேர்ந்தபோது, ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மயக்கம் என்பதை, பெயர் பெற்ற சில மலைகளையும் அவற்றின் பாடகர்களையும் வைத்து ஆராய்வதே இங்கே நோக்கம்.

அந்த எண்ணம் பிறந்த இடம் ஆல்ப்ஸ் என்பதால் அங்கிருந்து தொடங்குவதே முறை. மாடுகளை வெயில் காலத்தில் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச்சென்று, மாதக் கணக்கில் அங்கேயே தங்கிப் பால் கறந்து பாலாடைக் கட்டி செய்யும் இடையர்கள், எதிர்ச் சரிவில் இருப்பவனுக்குக் குரல் கொடுக்கவும் மந்தையைக் கூட்டவும் நெடுங்குழல் ஒன்றை ஊதினார்கள். ஆல்ப்ஸ் கொம்பு என்று பெயர் பெற்ற அந்த வாத்தியத்தைச் செய்யும் முறையே மலையின் கைவேலையைக் காட்டும். செங்குத்தான சரிவில் முளைத்த ஸ்ப்ரூஸ் மரக்கன்று, பனிப் பாரத்தால் அடியில் வளைந்து, பிறகு நிமிர்ந்து வானை நோக்கி வளர்கிறது. அந்த மரத்தை வெட்டி, நெடுக இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, மீண்டும் பொருத்திக் கட்டிவிட்டால், அடிமரத்தின் வளைவே வாத்தியத்தின் வாயாக அமைந்துவிடும். சமவெளியில் நேராக வளர்ந்த மரத்திலிருந்து இந்த வளைவு கிடைப்பதற்கில்லை. விரல் துளை ஒன்றும் இல்லாத கருவியாகையால், மூச்சின் விசையால் எழும் இயற்கையான மேல்சுரங்களை மட்டுமே அது எழுப்பும். அவற்றில் பதினோராவது சுரம், பியானோவில் உள்ள இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ நிற்கும். நகரத்துச் சங்கீதக்காரர்களின் காதுக்குச் சுருதி பிசகியதாகத் தோன்றும் அந்தச் சுரத்தை, ஆல்ப்ஸின் சில பள்ளத்தாக்குகளில் மக்கள் வாய்ப்பாட்டிலும் கூசாமல் பாடிவந்தார்கள். மாலை நேரத்தில் இடையன் மேட்டில் ஏறி நின்று, பால் ஊற்றும் மரப் புனலை வாயில் வைத்துக்கொண்டு நான்கு திசைகளிலும் பிரார்த்தனையைக் கூவுவதும், அந்தக் குரல் எட்டும் எல்லைவரை மந்தைக்கும் மனிதருக்கும் தீங்கில்லை என்று நம்புவதும் வழக்கமாக இருந்தது. தூரம், சரிவு, எதிரொலி, மந்தை ஆகிய இவையெல்லாம் மலையின் மெய்யான பங்கு, இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த இடையர் கூவலுக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தவர்கள் மலைமேல் இருந்த இடையர்கள் அல்லர். அயல்நாட்டு மன்னர்களிடம் கூலிப்படைச் சேவகம் செய்த ஸ்விஸ் வீரர்கள் முதலானோர் ஊர் ஏக்கத்தால் உடல் நலிந்து கிடப்பதைப் பற்றி, யோஹானஸ் ஹோஃபர் என்னும் வைத்திய மாணவர் 1688ல் பாஸல் நகரத்துச் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி எழுதி, அதை ஒரு வியாதியாகவே நிர்ணயித்தார். பின்வந்தவர்கள் அந்த வியாதியோடு மாடு அழைக்கும் மெட்டையும் சேர்த்துக் கொண்டார்கள். ரூஸோ 1768ல் வெளியிட்ட சங்கீத அகராதியில், அந்த மெட்டைப் படைகளில் வாசித்தால் மரண தண்டனை என்று விதித்திருந்ததாகவும், கேட்ட வீரர்கள் அழுது, ஓடிப்போய், இறந்தும் போவதே அதற்குக் காரணம் என்றும் எழுதிவிட்டு, உடனே ஒரு நுட்பமான விஷயத்தையும் சொல்கிறார்: அயலார் காதில் அந்த மெட்டு எந்த விளைவையும் உண்டாக்குவதில்லை; ஸ்விஸ்காரனுக்கு அது இளமையையும் வீட்டையும் நினைப்பூட்டும் அடையாளமாக இருப்பதாலேயே அவனைக் கலக்குகிறது; அங்கே வேலை செய்வது சங்கீதமன்று, ஞாபகம். மலையிசை பற்றிப் பின்னால் எழுதப்பட்ட எத்தனையோ நூல்களைவிட ரூஸோவின் இந்தச் சிறு குறிப்பு மேலானது என்பது நம் அபிப்பிராயம்.

மலையில் ஆல்ப்ஸ் கொம்பின் கதி என்ன ஆயிற்று என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பெர்ன் நகரத்தாருக்கும் மேட்டுநில மக்களுக்கும் இருந்த மனக்கசப்பைத் தீர்க்க எண்ணி, இன்டர்லாகன் அருகே உன்ஸ்பூனன் கோட்டையடியில் 1805ல் ஒரு பெருவிழா எடுத்து, ஆல்ப்ஸ் கொம்பு வாசிப்பவர்களுக்குப் போட்டி வைத்தபோது, வந்து நின்றவர்கள் இரண்டே பேர். அழிந்துபோகும் நிலையில் இருந்ததை நகரத்துப் பிரபுக்கள் உபகாரம் செய்து மீட்டார்கள். 1820களில் ஃபெர்டினாண்ட் ஹூபர் என்னும் சங்கீத ஆசிரியர் கிரிண்டல்வால்டில் இளைஞர்களுக்கு அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். இன்று ஸ்விட்சர்லாந்தின் சின்னமாக விளங்கும் மலைவாத்தியம், இவ்விதமாகச் சமவெளியாரின் ஆசையால் பிழைத்த வாத்தியமாகும்.

குரலை நெஞ்சிலிருந்து தலைக்கும் தலையிலிருந்து நெஞ்சுக்கும் சட்டென்று தாவவிடும் யோடல் என்னும் பாட்டு முறையும் இதேபோல மலையைவிட்டு இறங்கி ஊர் சுற்றியது. டிரோல் நாட்டுத் தஸில்லர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ரைனர் குடும்பத்தார் மலையுடை தரித்து ஐரோப்பியத் தலைநகரங்களில் பாடிப் பொருள் சேர்த்தார்கள். அவர்கள் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குழு 1839ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிச் சில ஆண்டுகள் அங்கேயே பாடித் திரிந்தது. இந்த முறை மலைக்கே உரியது என்று சொல்வாரும் உண்டு. மத்திய ஆப்பிரிக்காவின் அடர்ந்த காட்டில் வாழும் அகா மக்கள் இதைவிடச் சிக்கலான யோடலைப் பல குரல்களாகப் பின்னிப் பாடுகிறார்கள் என்பதும், ஜார்ஜியாவில் கிரிமாஞ்சூலி என்னும் யோடல் குரல் காக்கஸஸின் பனிமலைகளில் உள்ள ஸ்வானெட்டியில் அன்றிக் கருங்கடல் பக்கத்துத் தாழ்ந்த குன்றுகளான கூரியாவில்தான் செழித்திருக்கிறது என்பதும் அவர்களுக்கு விடை. மலை யோடலுக்கு உதவியது. மலையே யோடலைப் பெற்றது என்பது பொருந்தவில்லை.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். மலையிசை என்றவுடன் இந்த நூற்றாண்டில் உலகத்தாருக்கு நினைவுவரும் பிரதேசம், அமெரிக்காவின் கிழக்கில் நீண்டு கிடக்கும் அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியே. 1916 முதல் 1918 வரை, லண்டனிலிருந்து வந்த செசில் ஷார்ப் என்னும் நாட்டுப்பாடல் ஆராய்ச்சியாளர், மாட் கார்ப்பலஸ் என்னும் துணையாளருடன் அந்த மலைகளில் மொத்தம் 46 வாரங்கள் நடந்து திரிந்து, 281 பாடகர்களிடமிருந்து 1,600க்கும் மேற்பட்ட மெட்டுக்களை எழுதியெடுத்தார். அவருக்கு வழிகாட்டியவர், தாமே பல பாடல்களை முன்னதாகத் திரட்டி வைத்திருந்த ஆலிவ் டேம் கேம்ப்பெல் அம்மையார். வட கரோலினாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் ஜேன் ஜென்ட்ரி என்ற பெண்மணி ஒருவரே 60க்கும் மேற்பட்ட பாடல்களை ஷார்ப்புக்குப் பாடிக் கொடுத்தார். இங்கிலாந்தில் மறைந்துகொண்டிருந்த பழங்கதைப் பாட்டுக்களை இந்த மலைக்குடிகள் வாயில் உயிரோடு கேட்டதும் ஷார்ப்பின் உள்ளம் பூரித்தது. வெளியுலகத் தொடர்பில்லாமல் மலை இவர்களை வேலியிட்டுக் காத்ததால் பழைய இங்கிலாந்தின் சங்கீதம் கெடாமல் நின்றது என்று அவர் முடிவு கட்டினார். 1917ல் வெளிவந்த அவருடைய நூல் இந்த முடிவைப் படித்தவர்கள் மத்தியில் பரப்பியது.

ஷார்ப்பின் உழைப்பு வணக்கத்துக்குரியது. அவர் எழுதியெடுக்காமல் விட்டவற்றையும் கூடவே நினைக்கவேண்டும். பான்ஜோ வாத்தியத்தில் அவருக்கு நாட்டமில்லை. தேவாலயக் கீர்த்தனங்களை நாடவில்லை. கறுப்பு மக்களின் பாட்டைப் பெரும்பாலும் ஒதுக்கினார். எந்தச் சல்லடையால் சலித்தாரோ அதற்கேற்ற தானியமே அவர் முறத்தில் நின்றது. அவர் ஒதுக்கிய பான்ஜோ, மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி மீட்டிய வாத்தியங்களின் வழிவந்து, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைத்திறத்தால் அமெரிக்காவில் உருவாகி, ரயில் பாதை போடவும் சுரங்கம் வெட்டவும் வந்த கறுப்புத் தொழிலாளர்கள் வழியாகவும் மேடை நாடகக்காரர்கள் வழியாகவும் மலைக்குள் புகுந்தது. நார்ட்டன் என்னும் சுரங்க ஊரில் 1898ல் பிறந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை நிலக்கரிச் சுரங்கத்தில் கழித்த டாக் பாக்ஸ், அப்பலாச்சியப் பான்ஜோக்காரர்களில் கொடுமுடியாகக் கருதப்படுபவர். அவர் இளமையில் கேட்டு மயங்கி வாசிப்பைக் கற்றது கறுப்பு வாத்தியக்காரர்களிடமிருந்து. நிலக்கரிக்காகப் போடப்பட்ட ரயில் பாதை மலைக்கு உள்ளே கொண்டுவந்து இறக்கிய சங்கீதமும் கரியைப் போலவே எடை உள்ளது.

1927ஆம் வருஷத்துக் கோடையில் பிரிஸ்டலில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். டென்னஸீ ராஜ்யமும் விர்ஜீனியா ராஜ்யமும் ஒரே தெருவின் நடுவில் எல்லை பிரியும் விசித்திரமான ஊர் அது. விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பீர் என்பவர் அந்தத் தெருவில் இருந்த ஒரு தொப்பிக் கம்பெனியின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, சுவர்களில் எதிரொலி எழாதபடி கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஒலிப்பதிவுச் சாமான்களை நிறுவினார். ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை 19 குழுக்கள் பாடிய 76 உருப்படிகள் அங்கே மெழுகில் பதிந்தன. ஒரு பாட்டுக்கு 50 டாலர் கூலி. முன்னமே பதிவு செய்திருந்த எர்னெஸ்ட் ஸ்டோன்மன் என்பவர் முந்திய ஆண்டில் 3,600 டாலர் சம்பாதித்ததாக உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் மலையிலிருந்து பாடகர்கள் திமுதிமுவென்று வந்து குவிந்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். வெளியுலகின் பழக்கமில்லாத அப்பாவிகள் என்று ஷார்ப்பின் வாசகர்கள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள், பத்திரிகை படித்துக் கணக்குப் பார்த்தே புறப்பட்டு வந்தார்கள்.

அவ்விதம் வந்தவர்களில், கிளிஞ்ச் மலையடியில் உள்ள பள்ளத்தாக்கிலிருந்து இரவல் வாங்கிய காரில் வந்த கார்ட்டர் குடும்பத்தார் மூவர்: ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கையும் ஏ.பி.யின் தம்பி மனைவியுமான மேபெல். மேபெலுக்கு அப்பொழுது வயது 18, நிறைகர்ப்பிணி. கிட்டாரின் தடித்த தந்திகளில் கட்டைவிரலால் மெட்டை நடத்திக்கொண்டு, மெல்லிய தந்திகளை மற்ற விரலால் வருடித் தாளத்தை நிரப்பும் அவருடைய வாசிப்பு முறையை அதன்பிறகு வந்த கிட்டார்க்காரர்கள் எத்தனை பேர் பயின்றார்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. இந்த மூவரின் தட்டுக்களே மலையிசையின் வேதமாகக் கொள்ளப்பட்டன. ஆனால் அந்த வேதத்தின் ஊற்று எங்கே? ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ என்று அவர்கள் 1928ல் பதிவு செய்த புகழ்பெற்ற உருப்படி, ஜே. பி. வெப்ஸ்டர் என்பவர் 1860ல் நகரத்து வரவேற்பறைகளுக்காக மெட்டமைத்து அச்சிட்ட பாட்டின் சிதைந்த வடிவம். வாய்வழியாக மலைக்கு ஏறியபோது சொற்கள் குழம்பிப்போயின. ஏ.பி. கார்ட்டர் புதிய பாடல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தபோது அவருடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பு கிட்டார்க்காரர். சிமெண்டு ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் வார்த்தைகளை எழுதிக்கொள்வார்; மெட்டை மனத்தில் பிடித்து வைத்துக்கொள்வது ரிடிலின் வேலை. அத்தனை தட்டுக்களில் ஒன்றிலும் அவர் பெயர் அச்சாகவில்லை.

அதே பிரிஸ்டலில், அதே வாரத்தில், ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒலிவாங்கியின் முன் நின்றவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். மிஸிஸிப்பி ராஜ்யத்துச் சமவெளியில் மெரிடியன் ஊரைச் சேர்ந்த ரயில்வே பிரேக்காரர், க்ஷயரோகி. அவர் பாடிய இரண்டு பாட்டுக்களில் ஒன்று யோடலுடன் கூடிய தாலாட்டு. ஆல்ப்ஸ் மலைக் குடும்பங்கள் மேடைமேடையாகப் பரப்பிய குரல்தாவல், நாடகக்காரர் வழியாகவும் கறுப்பு மக்களின் புளூஸ் வழியாகவும் சென்று, ஒரு சமவெளிக்காரனின் தொண்டையில் அமர்ந்து, அப்பலாச்சிய மலையூரில் இசைத்தட்டாக வெளிவந்தது! அந்தத் தட்டுக்கள் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போயின; 1950ல் ஹியூ டிரேஸி என்னும் ஒலிப்பதிவாளர் கென்யாவின் கெரிச்சோ மேட்டுநிலத்தில் கிப்ஸிகிஸ் பெண்கள் பாடப் பதிவு செய்த பாட்டுக்களில், ராட்ஜர்ஸின் பெயரே திரிந்து ‘செமிரோச்சா’ என்று ஒரு விந்தைப் பிராணியின் பெயராக ஒலிக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, வேலியிட்டுக் காத்த மலை என்னும் வாதம் நிற்பதில்லை. அதைவிட விசேஷம் ஒன்றுண்டு. மலையின் குரல் என்று கொண்டாடப்படும் புளூகிராஸ் சங்கீதத்தைத் தோற்றுவித்த பில் மன்றோ பிறந்த ரோஸீன், கென்டக்கியின் மேற்குப் பகுதியில் உள்ளது. அங்கே அப்பலாச்சிய மலைகள் இல்லை. அவர் இளமையில் பின்பற்றிய வாத்தியக்காரர்களில் ஒருவர் ஆர்னல்ட் ஷூல்ட்ஸ் என்னும் கறுப்புச் சுரங்கத் தொழிலாளி. அந்தச் சங்கீதத்துக்கு ஆதரவு கொடுத்து வளர்த்தவர்களில் பெரும் பகுதியினர், சுரங்கங்களில் வேலை குறைந்தபோது மலையைவிட்டு இறங்கி, ஒஹையோவிலும் டெட்ராயிட்டிலும் பால்டிமோரிலும் தொழிற்சாலைகளில் கூலிக்கு அமர்ந்தவர்கள். மேற்கு விர்ஜீனியாவில் சுரங்கக் குடும்பத்தில் பிறந்து பால்டிமோருக்குப் பிழைக்க வந்த ஹேஸல் டிக்கன்ஸ், மலையைப் பற்றிய தம் பாடல்களை அங்கிருந்துகொண்டே இயற்றினார். தட்டிக் கேட்கும் துணிவும் கதறும் வேதனையும் ஒரே குரலில் கலந்த அவருடைய சங்கீதத்தில், ஹோஃபர் கண்ட ஸ்விஸ் சிப்பாயின் வியாதி இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு மறுபடி தோன்றுகிறது. மலைமேல் இருப்பவனுக்கு மலை பாட்டுப் பொருளாவதில்லை. அவன் பாடுவது கொலை, காதல், சாவு, கர்த்தர் ஆகியவற்றையே. மலையைப் பாட்டில் வைத்தவன் இறங்கி வந்தவன். அப்பலாச்சியாவில் மலையின் நேரடிப் பங்கைத் தேடுகிறவன், காட்சியை விட்டுவிட்டுச் சுரங்கத்துக்குள் செல்லவேண்டும்: 1931ல் ஹார்லன் கவுண்டி வேலைநிறுத்தத்தின்போது ஃபிளாரன்ஸ் ரீஸ் இயற்றிய போராட்டப் பாட்டும், சுரங்கத்திலும் மரம் அறுக்கும் ஆலையிலும் உழைத்து மூச்சு வாங்கிய ராஸ்கோ ஹோல்கம்பின் இறுகி உயர்ந்த குரலும், மலையின் வயிற்றிலிருந்தே வந்தவை.

ஆண்டிஸ் மலைகளைப் பற்றி ஒரு விளக்கம் பலரும் சொல்லக் கேட்கலாம். டிடிக்காக்கா ஏரியைச் சூழ்ந்த சுமார் 3,800 மீட்டர் உயரத்து மேட்டுநிலத்தில் அய்மாரா மக்கள் ஊதும் சிக்கு என்னும் பல்குழல் இரண்டாகப் பிரிந்திருக்கும். ‘இரா’ என்பதில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதிச் சுரங்கள், ‘அர்க்கா’ என்பதில் மீதிச் சுரங்கள். இருவர் மாறி மாறி ஊதினால்தான் ஒரு மெட்டு முழுமை பெறும். காற்று மெலிந்த உயரத்தில் ஒருவனே ஊதினால் தலைசுற்றும், ஆகையால் மூச்சைப் பங்கிட்டுக் கொண்டார்கள் என்பது அந்த விளக்கம். கேட்பதற்கு இனிமையான யுக்திதான். ஆனால் காற்றுக்குப் பஞ்சமில்லாத லித்துவேனியச் சமவெளியிலும் இதே முறையில் ஆளுக்கொரு சுரமாக ஊதுகிறார்கள். பங்கிட்டு ஊதுவது அந்தச் சமுதாயங்களின் கூட்டு வாழ்க்கையோடு ஒட்டியது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. தாமஸ் டுரீனோ என்னும் ஆராய்ச்சியாளர் பெரு நாட்டின் கொனிமா என்னும் ஊரில் தங்கி எழுதிய நூலில், ஒருவன் குரல் தனித்துக் கேட்பதையே அவ்வூரார் குற்றமாக எண்ணுவதை எடுத்துக்காட்டுகிறார்.

மலையின் பங்கை அங்கே வேறிடத்தில் தேடவேண்டும். அது பருவத்தில் இருக்கிறது. பொலிவிய மேட்டுநிலத்தில் மழைக்காலத்துக்கு ஒரு குழல், வறண்ட காலத்துக்கு ஒரு குழல் என்பது நியதி. நவம்பர் மாதத்துப் பிதிர் விழா தொடங்கி கார்னிவல் வரையில் பின்கில்யூ என்னும் மரக்குழலை ஊதுகிறார்கள். வாசிப்பதற்கு முன் அதில் நீரையோ சோளக் கள்ளையோ ஊற்றி ஊறவைத்து, மரம் உப்பிப் பிளவுகள் மூடிக்கொண்ட பிறகே உதட்டில் வைக்கிறார்கள். மழை நின்றதும் அதை எடுத்து வைத்துவிடுவார்கள். உழவும் உருளைக்கிழங்கும் இந்தக் குழல்களும் ஒரே பஞ்சாங்கத்தில் அடங்கியவை. இதற்கு நேர்மாறாக, உலகம் முழுதும் ஆண்டிஸின் ஆத்மா என்று அறியப்பட்ட ‘எல் கொண்டோர் பாஸா’ என்னும் மெட்டு, தானியேல் அலொமியா ரோப்ளஸ் என்பவர் 1913ல் லிமா நகரத்து நாடக மேடைக்காக அமைத்தது. அந்த நாடகமோ சுரங்கத் தொழிலாளருக்கும் அன்னிய முதலாளிகளுக்கும் நடந்த சச்சரவைப் பற்றியது. பாரிஸில் லோஸ் இன்காஸ் என்னும் குழு வாசிக்கக் கேட்ட பால் சைமன், 1970ல் அதன்மேல் ஆங்கில வார்த்தைகளைப் போட்டுப் பாடினார். மேடை, பாரிஸ், நியூயார்க்: கழுகு பறந்த வழி இது.

அல்த்தாய், சயான் மலைகளின் ஓரத்தில் வாழும் துவா மக்களின் தொண்டைப் பாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கீழே ஓர் ஆதார சுருதியை நிறுத்திக்கொண்டு, நாக்கையும் உதட்டையும் நுட்பமாக அசைத்து, அதன் மேல்சுரங்களில் ஒன்றை மட்டும் சீழ்க்கை போலப் பிரித்தெடுத்துக் கேட்கச் செய்வது அந்த வித்தை. ஓடையின் சலசலப்பையும் மலைமுகட்டுக் காற்றையும் தாங்கள் பின்பற்றுவதாகப் பாடகர்களே சொல்கிறார்கள்; அவர்களோடு பிரயாணம் செய்த தியடோர் லெவின் 2006ல் வெளியிட்ட நூல் அந்தக் கூற்றை ஆதரித்து எழுதப்பட்டது. 1992ல் அமைந்த ஹூன்-ஹூர்-து என்னும் குழு அதை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றது. இங்கே மலைக்கு ஏனைய இடங்களைவிடச் சற்றுக் கூடுதலான உரிமை உண்டு என்றே நமக்குப் படுகிறது. ஏனெனில் இங்கே கலைஞன் மலையைப் பற்றிப் பாடாமல் மலையின் ஓசையையே தன் வாய்க்குள் அமைத்துப் பார்க்கிறான். தென் ஆப்பிரிக்காவின் கோஸா இனத்துப் பெண்களும் மேல்சுரத்தைப் பிரித்துப் பாடுகிறார்கள் என்பதை நினைத்து அந்த உரிமையையும் அளவோடு வைத்துக்கொள்ளவேண்டும்.

நம் வீட்டு வாசலில் உள்ள நீலகிரியை விட்டுவிட்டு இந்த ஆராய்ச்சியை முடிப்பது தகாது. அங்கே ஏழு ஊர்களில் வாழும் கோத்தர்கள், கொல்லு வேலையும் தச்சு வேலையும் மண்பாண்டமும் தெரிந்தவர்கள்; கொள் என்னும் ஊதுகருவியும் தப்பட்டையும் கொம்பும் வாசிப்பதில் வல்லவர்கள். தோடர், படகர் வீட்டுச் சாவுகளுக்கும் இவர்களே மேளம் வாசித்துவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகர்கள் அந்த வழக்கத்தைக் கைவிடத் தொடங்கினார்கள். கோத்தர்களுக்குள்ளோ, தெய்வத்துக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிக்கும் மெட்டு வேறு; இரண்டும் கலக்கக் கூடாது. ஒரு கறுப்புப் பசு முன்னே நடந்து காட்ட, அது குளம்பு பதித்த இடங்களில் தங்கள் ஊர்கள் அமைந்தன என்பது அவர்கள் ஐதிகம். ரிச்சர்ட் உல்ஃப் 2005ல் அவர்கள் சங்கீதத்தைப் பற்றி வெளியிட்ட பெருநூலுக்கு அந்தக் குளம்படியையே பெயராக வைத்தார். எந்த மெட்டு, எந்த இடத்தில், எந்தச் சடங்கின் எந்தக் கட்டத்தில் என்பது அங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது. அண்டையில் வாழும் தோடர்களின் பாடல்களை 1930களில் கேட்டு எழுதி 1971ல் பதிப்பித்த எமனோ என்னும் மொழி ஆராய்ச்சியாளர், அவை எருமைகளின் பெயரும் பால்மனைகளின் பெயரும் இடப்பெயருமாக நிறைந்திருப்பதைக் காட்டியிருக்கிறார். மலை இங்கே வர்ணனைப் பொருளாக வரவில்லை, விலாசமாக வருகிறது. ஊர் ஏக்கம் கொண்ட நகரத்தான் இதை வாங்கவில்லை. எந்தக் கம்பெனியும் தொப்பிக் கடைக் கட்டடத்தில் கம்பளி தொங்கவிட்டு இதற்காகக் காத்திருக்கவும் இல்லை. மலையிசையின் கலப்பற்ற உதாரணம் வேண்டும் என்போர் இதைக் காட்டலாம் என்றால், இதுவும் மூன்று இனத்தாரின் கொடுக்கல் வாங்கலில் வளர்ந்ததுதான்.

மலையைத் தலைப்பாக மட்டும் வைத்துக்கொண்ட சங்கீதக்காரர்கள் தனி ஜாதி. அவர்களை விரைவாகக் கடந்துவிடலாம். கார்மிஷில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்த ரிக்கார்ட் ஸ்டிராஸ், 1915ல் அரங்கேறிய தம் ஆல்ப்ஸ் சிம்பொனியில் நூற்றுக்கு மேற்பட்ட வாத்தியங்களோடு காற்று இயந்திரத்தையும் இடி இயந்திரத்தையும் மாட்டு மணிகளையும் கூட்டி, ஒரு நாள் மலையேற்றத்தை ஒரு மணிக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் அடக்கிக் காட்டினார். திறமைக்குக் குறைவில்லை, மணிச்சத்தம் சற்று அதிகம். 1955ல் மர்ம மலை என்னும் பெயருள்ள சிம்பொனியால் புகழ் பெற்ற ஆலன் ஹோவனஸ், சில ஆண்டுகளில் சென்னைக்கு வந்து கர்நாடக சங்கீதம் பயின்றவர் என்பதால் நமக்கு உறவினர். அவருடைய மலை, எந்தத் தேசப் படத்திலும் இல்லாத அகத்து மலை. நார்வேயின் பெர்கன் நகரத்து இம்மார்ட்டல் குழுவினர் பனிமூடிய ஒரு கற்பனை ராஜ்யத்தையே படைத்துக்கொண்டு அதைப் பற்றி உறுமிப் பாடினார்கள். ஜான் டென்வர் 1971ல் பாடிப் பரப்பி, 2014ல் மேற்கு விர்ஜீனியாவின் ராஜ்ய கீதங்களில் ஒன்றாகவே சட்டமாகிவிட்ட பாட்டை எழுதத் தொடங்கிய இருவர், மேரிலாந்தின் ஒரு சாலையில் கார் ஓட்டிச் சென்றபோது அதற்குக் கரு கிடைத்தவர்கள். அதில் புகழப்படும் மலைத்தொடரும் ஆறும் பெரும்பாலும் பக்கத்து விர்ஜீனியாவைச் சேர்ந்தவை. மேற்கு விர்ஜீனியா மக்கள் அதைப் பொருட்படுத்தாமல் கண்ணீர் மல்கப் பாடுகிறார்கள். ரூஸோ இருந்திருந்தால் வியப்படைய மாட்டார்.

ஆக, மரத்தை வளைத்துக் கொடுப்பதும், தூரத்தைக் கடக்கும் குரலைக் கேட்பதும், மழைக்கொரு குழல் வெயிலுக்கொரு குழல் என்று பருவம் வகுப்பதும், சுரங்கத்தில் தொழிலாளியின் நெஞ்சை நெரிப்பதும் மலையின் வேலை; மெட்டையும் வாத்தியத்தையும் கொண்டுவந்து சேர்த்தவை பாதைகள்; இதற்கு மலையிசை என்று பெயர் சூட்டி விலை வைத்தது சமவெளி. தொல்காப்பியர் யாழையும் பறையையும் தொழிலோடு ஒரே வரிசையில் வைத்ததை, நிலம் மட்டுமே இசையைத் தரும் என்று படிப்பதைவிட, நிலத்தில் செய்யும் தொழிலோடு இசை சேர்ந்திருக்கும் என்று படிப்பதே சரி.

நம் சங்கீதக் கல்லூரிகளில் இன்று நாட்டிசை, மலையிசை என்று பதிவுகள் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவின் உறையில் மலைச்சிகரத்தின் படத்தை அச்சிடுங்கள், ஆட்சேபமில்லை. அதற்குக் கீழே பாடியவர் பெயர், அவர் ஊர், அவர் தொழில், யாரிடம் கேட்டுக் கற்றார் என்னும் நான்கு விவரங்களையும் விடாமல் அச்சிடுங்கள். லெஸ்லி ரிடிலுக்குச் செய்யாததைக் கோத்தர்களுக்காவது செய்வோம்.